கஞ்சில் எந்த ஊர்க் கார்?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் பெரோடுவா கஞ்சில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1994 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்து 2009 வரை தயாரிக்கப்பட்ட இந்தச் சிறு கார் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதைச் செய்த ஆலை ரவாங்குக்கு வடக்கே சுங்கை சோவில் இருக்கிறது. இந்தக் கணக்கில் அது வட சிலாங்கூரின் சொந்தப் பிள்ளை. ஆனால் கார்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த எவரிடம் கேட்டாலும் வேறு பதில்தான் வரும்: ஜப்பானின் டைஹட்சு மிரா அது, முத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தது என்பார்கள். இரண்டு பதிலும் பாதிதான் சரி. கஞ்சிலின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனால் டைஹட்சுவின் ஊரான ஒசாகாவில் பயணம் முடியாது. சூயஸ் கால்வாய், இத்தாலியின் தூரின் நகரம், அமெரிக்காவின் ஃபோர்டு ஆலை, அமேசான் காடு என்று அது நீண்டுகொண்டே போகும். இந்தக் கலப்புக்கு ஒரு காரணம் உண்டு. சிறு கார் என்பதே பற்றாக்குறைக்குப் பிறந்த விடை. பெட்ரோல், இரும்பு, இடம், கூலி என்று ஏதோ ஒன்று போதாமல் போன ஒவ்வொரு நாடும் அந்த விடையில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அதனால் கஞ்சிலின் பிறப்பைக் கொடியை வைத்துத் தேடுவதைவிடப் பற்றாக்குறையை வைத்துத் தேடுவது மேல். அப்படித் தேடும்போதுதான் அது எந்த அளவுக்கு நமதாயிற்று, எந்த இடத்தில் ஆகாமல் நின்றது என்பதும் தெரியவரும்.

முதலில் ஜப்பான். போரில் நொறுங்கிப்போன அந்த நாட்டில் இரும்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, தெருக்களோ குறுகல். அரசு ஒரு வழி கண்டது. நீளம், அகலம், இஞ்சினின் கொள்ளளவு மூன்றும் ஒரு வரம்புக்குள் இருந்தால் வரி குறைவு என்றது. ‘கெய்’ என்ற அந்த வகைக்கு 1950-களில் 360 சிசி வரம்பு, 1976-இல் 550, 1990-இல் 660. அந்த 1990 விதிப்படி நீளம் 3.3 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக் கூடாது என்று இருந்தது. கஞ்சிலுக்கு அடித்தளமான மூன்றாம் தலைமுறை மிரா, 1990-இல் இந்தப் புதிய வரம்புக்கென்றே வரையப்பட்டது. கஞ்சிலின் ஒடுங்கிய உடலும், பின்னிருக்கையில் மூவர் உட்கார்ந்தால் தோள்கள் உரசுவதும், வட சிலாங்கூர்க்காரர்களின் தேவையைப் பார்த்து யாரும் முடிவு செய்தவை அல்ல. ஜப்பானிய வரிச் சட்டத்தின் ஒரு விதி தகட்டு உருவம் எடுத்து நம் சாலைக்கு வந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் முதலில் நுழைந்த கார்களும் தூய ஜப்பானியக் கார்கள் அல்ல. சுசுகியின் முதல் கார், 1955-இன் சுசுலைட், ஜெர்மனியின் லாய்டு சிறுகாரைப் பார்த்து உருவானது. டைஹட்சு 1970-இல் ஃபெல்லோ மேக்ஸ் காரில் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. அந்த வழியில் 1980-இல் வந்ததுதான் முதல் மிரா.

இஞ்சினைப் பாருங்கள். கஞ்சிலில் மூன்று சிலிண்டர்கள். 660 சிசியை நான்காகப் பிரித்தால் சிலிண்டர் ஒன்றுக்கு 165 சிசி, மூன்றாகப் பிரித்தால் 220. சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க அதன் கொள்ளளவோடு ஒப்பிடும்போது சுவரின் பரப்பு கூடுகிறது. எரிபொருள் தந்த வெப்பத்தில் கூடுதல் பங்கு பிஸ்டனைத் தள்ளாமல் சுவர் வழியே வீணாகிறது. வளையங்களும் வால்வுகளும் கூடுவதால் உராய்வும் கூடுகிறது, செலவும் கூடுகிறது. எனவே இந்த அளவுக்கு மூன்றே சிக்கனம். ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. சுழல்தண்டில் மூன்று பிஸ்டன்களும் 120 பாகை இடைவெளியில் அமைந்திருப்பதால், மேலும் கீழுமாக அவை இழுக்கும் விசைகள் கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. ஆயினும் அவை ஒரே கோட்டில் இயங்கவில்லை. ஒன்று இந்த முனையில், ஒன்று அந்த முனையில். விளைவாக இஞ்சின் தன் நீளவாக்கில் முனை மாற்றி முனை ஏறி இறங்கி ஆடப் பார்க்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நின்ற நிலையில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் நான்கு சிலிண்டர் இஞ்சினில் நொடிக்கு 30 வெடிப்புகள், மூன்று சிலிண்டரில் 22 அல்லது 23. துடிப்பு மெதுவாக மெதுவாகக் கைக்கு நன்றாகவே தெரியும். சமிக்ஞை விளக்கில் நிற்கும் கஞ்சிலின் ஸ்டீயரிங்கில் விரல்கள் உணரும் நடுக்கம் பழுதன்று, பெட்ரோலை மிச்சப்படுத்தியதற்குக் கொடுத்த விலை. 1977-இல் வந்த ஷரேட் காரில் 993 சிசி மூன்று சிலிண்டர் இஞ்சினை வைத்து, இந்த விலை கொடுக்கத் தக்கதே என்பதை டைஹட்சு உலகுக்குக் காட்டியிருந்தது. ஒரு குறிப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். நம் நாட்டில் பரவலாக ஓடிய 850 கஞ்சிலின் இஞ்சின் 847 சிசி. ஜப்பானிய வரம்பை அது தாண்டிவிடுகிறது, அங்கே கெய் காராக அதை விற்க முடியாது. ஐரோப்பாவுக்கு அனுப்பிய குவோரே காருக்காக டைஹட்சு செய்த இஞ்சின் அது. ஜப்பானியம் என்று நாம் சொல்லும் பாகமும் வெளிச்சந்தையின் தேவையைக் கேட்டே வளர்ந்திருக்கிறது.

இஞ்சின் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு வேறொரு பஞ்சத்தைத் தேடிப் போக வேண்டும். 1956-இல் சூயஸ் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீட்டுச் சீட்டு வந்தது. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் உண்மையான நான்கு பேர் கார் ஒன்று வேண்டும் என்று பிஎம்சி கார் நிறுவனம் பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டது. அவர் துருக்கியின் ஸ்மிர்னாவில் கிரேக்கத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்து, அகதியாக இங்கிலாந்து சேர்ந்தவர். 1959-இல் வந்த அவருடைய மினி 3.05 மீட்டர் நீளம்தான். இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி முன்சக்கரங்களையே ஓட்டவைத்ததால், தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மனிதருக்கும் மூட்டைக்கும் மிஞ்சியது. இசிகோனிஸ் கியர்ப்பெட்டியை இஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் ஊறவைத்தார். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. இத்தாலியின் ஃபியட் பொறியாளர் டான்டே ஜியகோசா கியர்ப்பெட்டியை இஞ்சினின் பக்கவாட்டில், அதே வரிசையில் தனியாகப் பொருத்தினார். 1964-இல் ஆட்டோபியான்கி பிரிமுலாவில் சோதித்து, 1969-இல் ஃபியட் 128-இல் அதை உறுதிசெய்தார். கஞ்சிலின் மூடியைத் திறந்தால் கண்ணில் படுவது ஜியகோசாவின் ஏற்பாடு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஒற்றைத் தூண் வடிவச் சுருள்வில்லும் அதிர்வுத் தணிப்பானும் அமெரிக்கர் ஏர்ல் மெக்ஃபர்சன் உருவாக்கியவை. 1950-இல் அவை பிரிட்டனின் ஃபோர்டு கான்சலில் வந்தன.

இவற்றையெல்லாம் சாத்தியமாக்கியது ஒரு கைப்பிடி அளவு உறுப்பு. முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே நேரத்தில் ஓடவும் வேண்டும். சாதாரணச் சிலுவை மூட்டு வளைந்த நிலையில் சுழன்றால், ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும், ஸ்டீயரிங் உதறும். ஃபோர்டில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ரெஸெப்பா 1920-களில் இதற்கு விடை கண்டார். உள்கிண்ணத்துக்கும் வெளிக்கிண்ணத்துக்கும் இடையே வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். தண்டு எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் எப்போதும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் நிற்பதால், இருபக்க வேகமும் ஒன்றாகவே இருக்கும். பட்டறைகளில் சிவி ஜாயின்ட் என்று சொல்லப்படுவது இதுதான். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கஞ்சிலில் இதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால், கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். குண்டும் பள்ளமும் தேயும். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வரும். மெக்கானிக் குனிந்து பார்க்காமலேயே நோயைச் சொல்லிவிடுவார்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். காரின் பிறப்பை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், அது சரியல்ல. மினியின் சக்கரங்களைத் தாங்கியவை எஃகுச் சுருள்கள் அல்ல, அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள். கஞ்சிலின் மூன்று சிலிண்டர் ஆட்டம் உடலுக்குப் போகாமல் தடுப்பது உலோகத்தோடு ஒட்டவைத்த ரப்பர்த் தாங்கிகள். இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுக்கும்போது வரிசைப்பட்டு, இழுபடும் இடத்திலேயே தற்காலிகமாகப் படிகமாகின்றன. விரிசல் ஒன்று தொடங்கினால் அதன் முனையில்தான் இழுப்பு அதிகம். அங்கேயே படிகம் உண்டாகி விரிசலை மறித்துவிடுகிறது. செயற்கை ரப்பர்களில் பெரும்பாலானவை இதில் இதற்கு ஈடாவதில்லை. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழியில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் பால்மரத் தோட்டங்கள் அதன்பின் எழுந்தவை. அந்த மரங்களைச் சீவ, கங்காணிகளின் வழியே தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். விடியுமுன் சீவியதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது: வெயில் ஏறி இலைகள் நீரை இழப்பதற்கு முன்புதான் பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பாலும் நன்றாக ஓடும். பால் ஆலைக்குப் போனதும் எல்லாத் தோட்டத்துப் பாலும் ஒன்றாகிவிடும், சீவியவரின் பெயரோ ஊரோ டயரில் மிஞ்சாது. வரைபடம் போட்டவரின் பெயரை நினைவில் வைத்திருக்கும் வரலாறு, நான்கு மணி இருட்டில் நெற்றி விளக்கோடு நிரையில் நின்ற பெண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் வாதத்தின் ஒரு பகுதி. அவருடைய உழைப்பு இல்லாமல் மினியும் இல்லை, மிராவும் இல்லை.

கடைசிப் பற்றாக்குறை நம்முடையது. தோட்டத்துக்குள் வாழ்ந்தவரை லயத்திலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் வேலைக்காட்டுக்கும் நடந்தே போக முடிந்தது. சிலாங்கூரில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் சிறு பட்டணங்களுக்கும் பெயர்ந்தன. வேலை ஒருபக்கம், பள்ளி ஒருபக்கம், மருத்துவமனை வேறொரு பக்கம். பேருந்தை நம்ப முடியாது. மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் குழந்தைகளை ஏற்றிப் போவது ஆபத்து. ஏறத்தாழ 700 கிலோ எடையும் சிறிய இஞ்சினும் கொண்ட, மாதத் தவணைக்குள் அடங்கிய காரை இப்படிப்பட்ட குடும்பங்கள் முதல் காராக வாங்கியதில் வியப்பில்லை. ஜப்பானில் இடமும் இரும்பும் போதாமல் வரையப்பட்ட வடிவம், இங்கே கூலி போதாத குடும்பத்துக்குப் பொருந்திப்போனது.

இந்த இடத்தில் மறுப்பு எழும். எல்லாம் சரி, ஆனால் இது வெறும் முத்திரை மாற்றும் வேலைதானே, இதைத் தேசிய கார் என்பது தற்பெருமை இல்லையா? மறுப்புக்கு வலுவான சான்றுகள் உண்டு. ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களைக் குறுக்கே வெட்டி முன்பாதியை மட்டும் இறக்குமதி செய்யும் ஆஃப் கட் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல உண்டு. அங்கிருந்து ஒரு மிராவின் டர்போ இஞ்சினைத் தூக்கி வந்து கஞ்சிலில் இறக்குவது இளைஞர்களிடையே பல ஆண்டுகள் பெரிய வழக்கமாக இருந்தது. இரண்டு காருக்கும் அடித்தளம் ஒன்று என்பதால் அந்த வேலை சாத்தியமாயிற்று, இதைவிடத் தெளிவான உறவுச் சான்று தேவையில்லை. 2001-இல் பெரோடுவாவின் உற்பத்திப் பிரிவில் டைஹட்சுவும் ஜப்பானின் மிட்சுயி நிறுவனமும் சேர்ந்து 51 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டன. இஞ்சினை மாற்றும் முடிவோ அடித்தளத்தை நீட்டும் முடிவோ சுங்கை சோவில் எடுக்கப்படவில்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பு வரியும் நினைவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கார்களுக்கு அன்று விதிக்கப்பட்டிருந்த உயர்ந்த தீர்வை கஞ்சிலை மலிவாகக் காட்டியது. அதன் மலிவில் ஒரு பகுதி பொறியியல், ஒரு பகுதி அரசாணை.

ஆயினும் வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று என்றைக்கும் நமதாகாது என்ற முடிவுக்குப் போக முடியாது. அதற்கு மறுசான்று கோலசிலாங்கூர் மண்ணிலேயே நிற்கிறது. 1917-இல் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். மரம் மேற்கு ஆப்பிரிக்காவினது. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்த நான்கு கன்றுகளின் வழிவந்த விதைகள் சுமத்ரா வழியாக இங்கே வந்தன. கொட்டையின் ஓடு மெலிந்து சதை கூடிய ஒட்டு ரகத்தின் மரபு விதியைக் காங்கோவில் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் வண்டு 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதுவரை மனிதர் கையால் தூவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சிலைவிடக் கலப்பான வம்சம். இருந்தும் செம்பனையை அயல்நாட்டுப் பயிர் என்று இன்று ஒருவரும் ஒதுக்குவதில்லை. காரணம், அந்த மரத்தை மாற்றும் அறிவு இங்கே வேரூன்றியது. ரப்பரிலும் அப்படியே. கன்றுகள் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1925-இல்தான் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் சுங்கை பூலோ நிலையத்தோடு பிணைந்த ஆர்ஆர்ஐஎம் 600 ரகம் ஜாவாவின் தாய் மரத்தையும் சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்துத் தந்தை மரத்தையும் சேர்த்து உருவானது. பின்னாளில் தாய்லாந்தின் தோட்டங்களை நிரப்பியது அதுதான். வாங்கிய பொருளைத் திருத்தி, பிறருக்குக் கொடுக்கும் நிலைக்கு வருவதே உரிமைக்கான அளவுகோல் என்றால், கஞ்சிலுக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

அந்த அளவுகோலில் கஞ்சில் தொடக்கப் படியில்தான் நிற்கிறது, ஆனால் படியில் நிற்கிறது. 1997-இல் அது நிப்பா என்ற பெயரில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. மினியின் நாட்டில் மினியைப் போல இஞ்சினைக் குறுக்காக வைத்த கார் மலேசியாவிலிருந்து போய் இறங்கியது. அது விற்பனைத் திறனைக் காட்டியதே தவிர, வடிவமைப்புத் திறனைக் காட்டவில்லை. வடிவமைப்புக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த பெஸா காரின் மேலுடல் முழுவதையும் பெரோடுவாவின் சொந்தப் பொறியாளர்கள் வரைந்தார்கள். கஞ்சிலிலிருந்து பெஸாவுக்கு 22 ஆண்டுகள். ரப்பர் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது தாமதமில்லை. ஆனால் ரப்பர் ஆராய்ச்சியில் பட்டையிலிருந்து வேர்வரை நாமே கைவைத்தோம். இங்கே அடித்தளமும் இஞ்சினும் இன்னும் டைஹட்சு குடும்பத்தின் கையில். 2016-லிருந்து அந்த டைஹட்சுவே முழுக்க டொயோட்டாவின் உடைமை.

அடுத்து வரும் சிறு கார் மின்சாரத்தில் ஓடும். மூன்று சிலிண்டர்கள் போய்விடும், அவற்றின் நடுக்கமும் போகும். ரெஸெப்பாவின் ஆறு குண்டுகள் இருக்கும். பேட்டரியின் பாரத்தால் டயர்கள் கூடுதல் சுமை ஏற்கும், ரப்பருக்கான தேவை குறையாது. ஆனால் எந்தப் பற்றாக்குறைக்கு அது விடையாக இருக்கப்போகிறது? நகரத்தில் தனி வாசலும் கூரையிட்ட கார் நிறுத்துமிடமும் உள்ளவர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்வார். பெஸ்தாரி ஜெயாவிலோ செரண்டாவிலோ மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் குடியிருப்பவருக்கு வண்டி நிற்கும் இடத்தில் மின்செருகி கிடையாது. அவருக்கு வேண்டிய கார் பெரிய பேட்டரியோடு நீண்ட தூரம் ஓடுவதா, சிறிய பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போக முடிவதா, அல்லது காரை விட்டுவிட்டு முதலில் குடியிருப்பின் கம்பிவடத்தை மாற்ற வேண்டுமா என்ற கேள்வியை ஒசாகாவிலோ சீனாவின் ஷென்செனிலோ யாரும் எழுப்பப்போவதில்லை. ஜப்பான் தன் தெருவின் அகலத்தை அளந்து சட்டம் எழுதியது. அதே வேலையை வட சிலாங்கூரின் குடியிருப்புகளில், மாத வருமானத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் அளந்து, இங்கே உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும்; மேலுடலை வரையத் தெரிந்த பொறியாளர்கள் சுங்கை சோவில் இப்போது இருக்கிறார்கள்.